போரையே பார்க்காத நாங்கள் போரைப் பற்றிக் கூட்டுக் கண்காட்சி வைக்கலாமா?

நீங்கள் கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓவியம் படிக்கும் பதினான்கு பேர் சேர்ந்து போரைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கப்போகிறீர்கள். ஆளுக்கு இரண்டு படம், மொத்தம் 28. இதைக் கூட்டுக் கண்காட்சி என்று போஸ்டரில் போடலாமா, போரையே பார்க்காத நாங்கள் வரைந்தால் அது வேஷம்தானே, அப்படியே வரைந்தாலும் எந்தப் போர் நிற்கப்போகிறது என்று மூன்று கேள்வி. எனக்கு என்னவோ, மூன்றில் நீங்கள் உண்மையாகக் கேட்பது நடுவில் இருப்பதைத்தான் என்று படுகிறது. யாராவது வந்து "உனக்கு என்ன தெரியும்" என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயம் நல்லதுதான். அது துளியும் இல்லாதவர்கள் வைத்த கண்காட்சிகளுக்கு நானே ஆணி அடித்திருக்கிறேன்.

ஆமாம், என் வேலை அதுதான். ஓவியம் படித்தவன், ஆனால் வரைந்ததைவிட மற்றவர்கள் வரைந்ததைச் சுவரில் மாட்டியதே அதிகம். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, படம் மாட்டுவது, லைட் திருப்புவது, படத்துக்குப் பக்கத்தில் ஒட்டும் குறிப்பை எழுதுவது, கடைசி நாளில் எல்லாவற்றையும் எண்ணித் திருப்பிக் கொடுப்பது. போர் நடந்த இடத்தில் நான் வாழ்ந்ததில்லை. வரைவதால் மனக்காயம் ஆறுமா என்பது மருத்துவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி, அந்தப் பக்கமே போகமாட்டேன்.

மூன்றாவது கேள்வியை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதற்குப் பதில் சின்னது. எந்தக் கண்காட்சியும் ஒரு போரை நிறுத்தியதாக எனக்குத் தெரிந்த வரலாற்றில் இல்லை. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குண்டு வீசப்பட்ட ஊரைப் பற்றிப் பிக்காசோ வரைந்த கெர்னிக்காவை எல்லோரும் தனி மனிதன் தனியாக வரைந்த படமாகவே பேசுகிறோம், ஆனால் அது 1937இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஸ்பெயின் குடியரசு அமைத்த அரங்குக்காக வரைந்தது. அதே அரங்கில் ஹோவான் மிரோ சுவரளவு படம் ஒன்று வரைந்தார், ஹூலியோ கோன்சாலஸ் குழந்தையும் அரிவாளுமாக நிற்கும் குடியானவப் பெண்ணின் சிலையை வைத்தார், அமெரிக்கரான கால்டர் தண்ணீருக்குப் பதிலாகப் பாதரசம் ஓடும் ஒரு நீரூற்றைச் செய்து வைத்தார். பாதரசம் ஏன் என்றால், அது ஸ்பெயினின் அல்மதேன் சுரங்கத்திலிருந்து வருவது, அந்தச் சுரங்கத்துக்காகவும் அப்போது சண்டை நடந்துகொண்டிருந்தது. ஆக அதுவே ஒரு கூட்டுக் கண்காட்சிதான். மிரோவின் படம் அரங்கைப் பிரித்த பிறகு காணாமலே போய்விட்டது, இன்றுவரை கிடைக்கவில்லை. கெர்னிக்கா ஊர் ஊராகப் போய் அகதிகளுக்குப் பணம் சேர்த்தது. 1939 ஜனவரியில் லண்டன் வைட்சேப்பல் கலைக்கூடத்தில் வைத்தபோது நுழைவுக் கட்டணமாகப் போர்முனைக்கு அனுப்ப ஒரு ஜோடி பூட்ஸ் கேட்டார்கள். அந்த மார்ச்சிலேயே தலைநகர் மாட்ரிட் குடியரசின் கையைவிட்டுப் போய்விட்டது. படம் போரை நிறுத்தவில்லை, பூட்ஸ் சேர்த்தது. அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அதற்கு மேல் எதிர்பார்த்து ஆரம்பித்தீர்கள் என்றால் முதல் வாரத்திலேயே சோர்ந்துவிடுவீர்கள்.

அப்புறம் முதல் கேள்வி, ஆளுக்கு இரண்டு வரைந்து மாட்டினால் அது கூட்டா என்பது. ஆகலாம், ஆனால் சும்மா ஆகாது. இதற்கு நல்ல உதாரணம் 1966 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸில் எழுப்பிய அமைதிக் கோபுரம். வியட்நாம் போரை எதிர்த்துக் கலைஞர்கள் ஒரு காலி மனையை வாடகைக்கு எடுத்து, சன்செட் பூலவார்டும் லா சியெனேகாவும் சந்திக்கும் இடத்தில், மார்க் டி சுவெரோ வடிவமைத்த இரும்புக் கோபுரத்தை நிறுத்தினார்கள். சுற்றிலும் 418 படப் பலகைகள். எல்லாம் ஒரே அளவு, இரண்டடிக்கு இரண்டடி. அனுப்பியவர்களில் உலகப் புகழ் பெற்றவர்களும் உண்டு, யாரென்றே தெரியாதவர்களும் உண்டு. யாருக்கும் மூன்றாவது அடி கிடையாது. அந்த அளவு விதிதான் அங்கே கூட்டு. இதை நான் மாட்டுகிறவன் கண்ணோடு பார்க்கிறேன். நம் ஊர்க் குழுக் கண்காட்சிகளில் சண்டை எப்போதும் எங்கே வரும் தெரியுமா, வாசலுக்கு நேர் சுவர் யாருக்கு என்பதில்தான். போரைப் பற்றிய கண்காட்சி என்றாலும் அந்தச் சுவருக்கான போர் தனியாக நடக்கும். 418 பேரை ஒரே அளவுக்குச் சம்மதிக்க வைத்தது லேசான காரியமில்லை. மூன்று மாதத்தில் மனைக்காரர் இடத்தைத் திரும்பக் கேட்டுவிட்டார், கோபுரம் இறங்கியது. போர் இன்னும் ஒன்பது வருஷம் நடந்தது.

ஆனால் கோபுரத்தில் ஒன்று இல்லை. அங்கே யாரும் யாருடைய படத்தையும் தொடவில்லை. "நாங்கள் இத்தனை பேர் இதை எதிர்க்கிறோம்" என்று சொல்ல அது போதும், எதிர்ப்புக்கு அதுதான் சரியான வடிவமும்கூட. போர் எப்படி இருந்தது என்று சொல்ல அது போதாது. உங்கள் குழு இந்த இரண்டில் எதைச் செய்யப்போகிறது என்பதை முதலில் பேசி முடிவு செய்யுங்கள். எதிர்ப்பு மட்டும் என்றால் நீங்கள் போரைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, இரண்டாவது கேள்வி அங்கேயே விழுந்துவிடும். அதற்கு மேல் போக ஆசைப்பட்டால்தான் சிக்கல்.

அந்தச் சிக்கலில் ஒரு ஊர் எழுபது வருஷத்துக்கு மேலாக உட்கார்ந்திருக்கிறது, ஹிரோஷிமா. முதலில் இரி மாருகி, தோஷி மாருகி என்ற கணவன் மனைவி. இரி ஹிரோஷிமாக்காரர், மையில் வரைகிறவர். தோஷி தைல வண்ணம் கற்றவர், மனித உடலை வரைவதில் தேர்ந்தவர். குண்டு விழுந்த சில நாட்களில் இருவரும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அதாவது குண்டு விழுந்த அந்த நொடியை அவர்களும் பார்க்கவில்லை. 1950இல் முதல் படம், பிறகு முப்பது வருஷத்துக்கு மேல், மொத்தம் 15 படங்கள். ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்குமேல், ஏழு மீட்டருக்கு மேல் நீளம், மடிக்கும் திரை போன்ற அமைப்பு. வேலை நடந்த விதம்தான் நமக்கு முக்கியம். தோஷி உடல்களை ஒவ்வொரு கோடாக வரைந்து வைப்பார். இரி வந்து அதன் மேல் நீர்த்த மையை ஊற்றிவிடுவார். தோஷி அந்த மைக்குள் மூழ்கியவர்களைத் தேடி மறுபடி கோடு போட்டு மேலே கொண்டுவருவார். இரி மறுபடி ஊற்றுவார். வீட்டில் என்ன சண்டை நடந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். ஆனால் அந்தப் படங்களில் உடல்கள் பாதி தெரிந்தும் பாதி கரைந்தும் கிடப்பது அந்தச் சண்டையால்தான் வந்தது, ஒரே ஆள் யோசித்து அப்படிச் செய்திருக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. இது என் கருத்து, நிரூபிக்கச் சொல்லாதீர்கள்.

அதோடு நிற்கவில்லை. 1970இல் படங்களை அமெரிக்காவுக்கு எடுத்துப் போனார்கள். அங்கே அவர்களிடம் ஒரு கேள்வி வந்தது: ஜப்பானியப் படை சீனாவின் நான்ஜிங் நகரில் செய்த படுகொலையை ஒரு சீன ஓவியர் வரைந்து ஜப்பானுக்கு எடுத்து வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? வேறு யாராக இருந்தாலும் கோபப்பட்டு ஊர் திரும்பியிருப்பார்கள். இவர்கள் திரும்பி வந்து, ஹிரோஷிமாவில் இறந்த அமெரிக்கப் போர்க் கைதிகளை 1971இல் வரைந்தார்கள். அடுத்த வருஷம், குண்டில் இறந்தும் ஓரமாகக் கிடந்த கொரியர்களை வரைந்தார்கள். 1975இல் நான்ஜிங்கையே வரைந்தார்கள். பாதிக்கப்பட்டவர் பக்கம் மட்டும் நின்று இருபது வருஷம் வரைந்தவர்களைப் பார்க்க வந்தவன் கேட்ட ஒரு கேள்வி திருத்தியது, அவர்களும் திருந்த விட்டுக்கொடுத்தார்கள். கூட்டு என்று நான் சொல்வது இதைத்தான். சுவரில் எத்தனை பெயர் இருக்கிறது என்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, "இது இப்படி இல்லை" என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இரண்டாவது ஹிரோஷிமா கதை இன்னும் எளிமையானது. 1974இல் 77 வயதான ஒரு முதியவர், குண்டு விழுந்த அன்று ஒரு பாலத்தருகே தான் கண்டதை வரைந்து எடுத்துக்கொண்டு என்.எச்.கே. தொலைக்காட்சி அலுவலகத்துக்குப் போய்க் கொடுத்தார். அவர் ஓவியர் இல்லை. நிலையம் அதைக் காட்டி, மற்றவர்களும் வரைந்து அனுப்புங்கள் என்று கேட்டது. அந்த வருஷமும் அடுத்த வருஷமுமாக 2,000க்கு மேல் படங்கள் வந்து குவிந்தன. காலண்டர் பின்பக்கம், விளம்பரத் தாள், கதவுக்கு ஒட்டும் காகிதம், கையில் கிடைத்ததில் எல்லாம் வரைந்திருந்தார்கள், பென்சில், க்ரேயான், தூரிகை எதுவானாலும். இவற்றின் பிரதிகளைப் பார்க்கும்போது என்னை நிறுத்துவது ஒரு விஷயம்: படத்துக்குள்ளேயே எழுத்து இருக்கிறது. ஆளை வரைந்துவிட்டுப் பக்கத்தில் அம்புக்குறி போட்டு விளக்கம், எந்த இடம், எத்தனை மணி. வரையத் தெரியாததால் எழுதியிருக்கிறார்கள், எழுதினால் மட்டும் போதாது என்பதால் வரைந்திருக்கிறார்கள். கல்லூரியில் நமக்கு "படம் தானே பேச வேண்டும், எழுதாதே" என்று சொல்லிக்கொடுத்தார்கள் இல்லையா, அந்தப் பாடத்தை இங்கே கொஞ்சம் மறந்துவிடலாம்.

மூன்றாவதுதான் உங்களுக்கு நேரடிப் பதில். ஹிரோஷிமாவில் மோட்டோமாச்சி உயர்நிலைப் பள்ளி என்று ஒன்று இருக்கிறது, அங்கே ஓவியம் படிக்கும் பிரிவு உண்டு. 2007இலிருந்து அந்தப் பிள்ளைகள், உங்களைவிடச் சின்னவர்கள், குண்டில் பிழைத்தவர்களோடு சேர்ந்து அவர்கள் நினைவில் இருக்கும் ஒரு காட்சியைத் தைல வண்ணத்தில் வரைகிறார்கள். ஒரு மாணவருக்கு ஒரு முதியவர். ஒரே தடவை கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் வரைவதில்லை. முதியவர் சொல்வார், மாணவர் வரைந்து காட்டுவார், அந்த இடத்தில் புகை அப்படி இல்லை, அவள் கை இப்படி இருந்தது என்று திருத்துவார், மறுபடி வரைவார். ஒரு படத்துக்கு ஒரு வருஷம்கூட ஆகிறது. போரைப் பார்க்காத பிள்ளைகள்தான். அவர்களை யாரும் வேஷம் என்று சொல்லவில்லை, ஏனென்றால் பார்த்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. அந்த முதியவர்களுக்கு வயதாகிறது என்பதால் இந்த முறையும் ரொம்ப நாள் ஓடாது, அது வேறு விஷயம்.

ஹிரோஷிமா தூரம் என்றால், நம் மொழியிலேயே ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன், பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிப்பவர். 2004இல், போர்நிறுத்த காலத்தில், 1981இல் எரிக்கப்பட்டுத் திரும்பக் கட்டிய அதே யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் அவர் ஒரு கண்காட்சியில் பங்கேற்றார், வடக்கிலும் தெற்கிலும் இருந்து கலைஞர்கள் சேர்ந்த கண்காட்சி, பெயர் அகம் புறம். அங்கே அவர் வைத்தவை மக்கள் வீடுகளிலிருந்து தந்த பொருள்கள், போர் விட்டுப்போன சாமான்கள். பிறகு 2011இல் தோம்பு என்ற சொல்லை வைத்து ஒரு புத்தகம் செய்தார். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டுக்கு அங்கே தோம்பு என்று பெயர். இடம்பெயர்ந்த 80 பேரிடம், விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். தமிழரும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியதை நினைத்துப் பார்த்தால், ஒரே பதிவேட்டில் இருவரையும் சேர்த்தது எவ்வளவு பெரிய முடிவு என்று புரியும். அந்தக் கோணல்மாணலான கோட்டை ஒரு கட்டட வரைஞர் அளவோடு திருப்பி வரைகிறார், கடைசியில் சனாதனன் தன் பாஸ்டல் ஓவியத்தை வைக்கிறார். மூன்று கை, மூன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. வீட்டுக்காரர் போட்ட கோட்டை அழித்துவிட்டு ஓவியர் தன் கோட்டைப் போடவில்லை. நான் மாணவர்களுக்குக் காட்டும்போது கட்டட வரைஞரின் தாளில்தான் அதிக நேரம் நிற்பேன், இல்லாமல் போன வீட்டுக்கு அத்தனை நேர்த்தியாக ஒரு பிளான்.

இனி நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதைச் செய்யாமல் இருக்க. சில வருஷங்களுக்கு முன் சென்னையில் ஒன்பது பேர் சேர்ந்து இடப்பெயர்வு பற்றி ஒரு கண்காட்சி வைத்தோம். இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களிடம் பொருள்கள் இரவல் வாங்கினோம். ஒரு அம்மா ஒரு சாவி தந்தார். துருப்பிடித்த சின்னச் சாவி. அது கையில் கிடைத்ததும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. கறுப்பு வெல்வெட் துணி, மேலே ஒரே ஒரு லைட், சுற்றிலும் இருட்டு. குறிப்பை நான்தான் எழுதினேன், பூட்டிவிட்டு வந்த வீட்டைப் பற்றி நாலு வரி, படித்தால் கண்ணீர் வரும் மாதிரி. இரண்டாம் நாள் அந்த அம்மா மகளோடு வந்தார். நின்று படித்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இது வீட்டுத் திறப்பு இல்லை, அலுமாரித் திறப்பு. வீட்டை நாங்கள் பூட்டவேயில்லை. பின்னேரம் திரும்பி வந்திடுவம் எண்டு நினைச்சுத்தான் வெளிக்கிட்டனாங்கள்" என்றார். கோபமே இல்லை, பிழை திருத்துகிற டீச்சர் குரல். நாங்கள் அவரிடம் சாவியை வாங்கினோம், அது எதன் சாவி என்று ஒன்பது பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதை அவர்கள் திறப்பு என்று சொல்வார்கள் என்பதுகூட அன்றுதான் எங்கள் குறிப்பில் ஏறியது. எங்கள் நாலு வரியைக் கிழித்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே கையால் எழுதி ஒட்டினேன், வெல்வெட்டை எடுத்தேன், லைட்டைப் பொதுவாக்கினேன். அதே கண்காட்சியில் இன்னொரு குடும்பத்தின் கல்யாண ஃபோட்டோவை டபுள் சைடு டேப்பில் ஒட்டி, எடுக்கும்போது மூலையில் தோல் உரிந்தது. அவர்களிடம் இருந்த ஒரே பிரதி. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு இப்போதும் கை வரவில்லை.

அதனால் உங்கள் 28 படத் திட்டத்துக்கு என் யோசனை இது. 28ஐப் பாதியாக்குங்கள். மிச்சமாகும் நேரத்தில் ஆளுக்கு ஒருவரைத் தேடிப் போங்கள், உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். பர்மாவிலிருந்து நடந்து வந்த தாத்தாவின் கதையை வைத்திருக்கும் வீடு இருக்கலாம், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர் இருக்கலாம், முகாமில் வாழும் குடும்பம் இருக்கலாம். முகாமுக்குள் போக அனுமதி வேண்டும், அதைக் கல்லூரி வழியாகக் கேளுங்கள், நேராகப் போய் அவர்களைச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள். முதல் சந்திப்பில் ஃபோன் கேமராவை எடுக்காதீர்கள். பேச விருப்பம் இல்லை என்றால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள், அந்த இடம் சுவரில் காலியாக இருந்தால் ஒன்றும் குடி முழுகிப்போகாது. வரைந்ததைத் திறப்பு விழாவுக்கு முன்பே எடுத்துப் போய்க் காட்டுங்கள், பிழை என்று சொன்னால் மாற்றுங்கள், மாட்ட வேண்டாம் என்று சொன்னால் மாட்டாதீர்கள். இதுதான் கஷ்டம், நல்ல படமாக வந்துவிட்டால் கை விடாது. குறிப்பை அவர்கள் சொல்லிலேயே எழுதுங்கள், அவர்கள் பெயரைப் போடலாமா என்று தனியாகக் கேளுங்கள், படத்துக்குச் சரி என்றவர் பெயருக்குச் சரி சொன்னதாக ஆகாது. பொருள் வாங்கினால் ரசீது, ஃபோட்டோ என்றால் ஸ்கேன் எடுத்துப் பிரதியை மாட்டுங்கள், அசல் அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

இதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது, திருத்த ஆள் இருந்த வேலைகள் வேஷமாகத் தெரிவதில்லை என்பது வரைதான். நேரில் பார்த்தவரைக் கூட வைத்துக்கொண்டாலே படம் நன்றாக வந்துவிடும் என்று சொல்லமாட்டேன். உண்மையாகவும் இருந்து சப்பென்றும் இருக்கிற படங்கள் ஏராளம், அதற்கு நீங்கள் நான்கு வருஷம் படித்த படிப்புதான் துணை. நேர்ச் சுவர் யாருக்கு என்பதையும் இப்போதே சீட்டுப் போட்டு முடித்துவிடுங்கள். ஹாலின் நீள அகலமும், சுவர் சிமெண்டா பிளைவுட்டா என்பதும் எழுதுங்கள், எத்தனை படம் தாங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.